வாசலில் ஒரு வெள்ளைக் கார் – 14: டயருக்குக் கறுப்பு

பக்கீர் வாக்குக் கொடுத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அப்படி நிறுத்தியதற்காக என்னைத் திட்டியவர்கள் பலர். திட்ட வேண்டிய ஆள் நானில்லை, பக்கீர்தான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாய்ந்தமருதில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி பக்கீர் குடியிருக்கிறார். வீடு அவருடையதல்ல, மனைவி சுல்பிகாவுக்கு அவள் தாய் கொடுத்தது. பக்கத்து வளவில் ஒரே மகள் நுஸ்ஹாவுக்குப் புது வீடு எழும்பி, பூச்சு வேலையும் முடிந்து, வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பெயரில் எழுதியாகிவிட்டது. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதிலெல்லாம் யாருக்கும் சண்டையில்லை.

சண்டை, வாசலில் நிற்கிற காரைப் பற்றியது.

மாப்பிள்ளை றிபாத் சம்மாந்துறைப் பிள்ளை. கலியாணப் பேச்சு முடிந்து எழும்புகிற நேரத்தில் அவருடைய தாய் ஆமினா உம்மா, "வாசல்ல ஒரு வாகனமும் நிக்கிது, மாஷா அல்லாஹ்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் இருந்த பக்கீர், "அதுவும் மருமகன்ட பேருக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

காரின் பதிவில் பக்கீரின் பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் மூன்று வருடமாக அதை ஓட்டுகிறவள் நுஸ்ஹா. மருதமுனை நெசவுக்காரர்களிடமிருந்து சாரனும் சேலையும் ஏற்றி, அக்கரைப்பற்று, கோமாரி, பொத்துவில் என்று கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். பெட்ரோலும் டயரும் காப்புறுதிக் கட்டணமும் அவள் உழைப்பில் வந்தவை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் கேட்டபோது எல்லோர் வாயிலும் ஒரே பதில்தான் இருந்தது. "கார் எங்க போகப்போகுது? மாப்பிள்ளை இஞ்சதானே வாறார். பேர் மட்டும்தானே மாறுது."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நுஸ்ஹாவுக்கு மட்டும் அது சோறு இறங்காத நியாயமாக இருந்தது.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் மூத்த சகோதரி றாஹிலா ராத்தாவும் அவள் புருஷன் காலிதீனும் காரைப் பார்க்க வருகிறார்கள்.

*

காலையில் நுஸ்ஹா வெளியே வந்தபோது, பக்கீர் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பழைய சாரன் துண்டுமாகக் காரின் முன்னால் குந்தியிருந்தார்.

"வாப்பா, அது என்ன?"

"மண்ணெண்ண. ஒரு துடை துடைச்சா பளபளண்டு வரும்."

"பெயின்ட் போயிரும் வாப்பா."

"என்ட ட்ராக்டருக்கு வருஷ வருஷம் இதுதான் போடுறன். அதுக்கு என்ன நோவு வந்த?"

ட்ராக்டரும் காரும் ஒன்றல்ல என்று பக்கீருக்கு விளங்கவைப்பது கஷ்டம். வயலிலிருந்து வருகிற எதையும் மண்ணெண்ணெயால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி நிறுத்துவது அவர் பழக்கம். நல்லவேளை, முன் பம்பரில் ஒரு சாண் இடம் மட்டும்தான் துடைத்திருந்தார். நுஸ்ஹா போத்தலை வாங்கி மதிலோரம் வைத்தாள்.

அப்போதுதான் காரின் உள்ளே புகை எழும்புவதைக் கண்டாள்.

கதவைத் திறந்தால் பின் சீற்றில் ஒரு தட்டு, தட்டின் மேல் சாம்பிராணிச் சட்டி. கண்ணாடி நான்கும் இறுக்க மூடியிருந்தது. உள்ளே வெள்ளை மூட்டம்.

"உம்மா."

சுல்பிகா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. "தயிர் மணம் போகட்டும் எண்டுதான் புள்ள. வீட்டுக்கு ஆக்கள் வந்தா நாம சாம்பிராணி போடுறதில்லியா? காருக்கு மட்டும் என்ன?"

தயிர்க் கதையையும் சொல்லவேண்டும். போன வாரம் சம்மாந்துறையிலிருந்து வரும்போது சுல்பிகா எருமைத் தயிர்ச் சட்டியை மடியில் வைத்திருந்தாள். காரைதீவுச் சந்தியில் ஆடு குறுக்கே வர, நுஸ்ஹா பிறேக்கை மிதிக்க, பாதிச் சட்டி சீற்றில். வீட்டுக்கு வந்து சுல்பிகா கொதிதண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பால் சாமானுக்குக் கொதிதண்ணீர் பட்டால் அது துணிக்குள் அப்படியே இறுகிவிடும். இப்போது அந்தப் புளிப்பு மணத்தின் மேல் சாம்பிராணி. இரண்டும் சேர்ந்து மூக்கைத் துளைத்தது.

சட்டியைத் தூக்கி வெளியே வைத்த பிறகுதான் மற்றது தெரிந்தது. தணல் ஒன்று தெறித்து, சீற்றில் ஐந்து ரூபாய் நாணயக் குத்தி அளவுக்கு ஒரு கறுப்பு ஓட்டை.

குசினியிலிருந்து வந்த சுல்பிகா அதைப் பார்த்ததும் சீற்றின் ஓரத்தில் குந்திவிட்டாள். "யா அல்லாஹ். அவங்க இண்டைக்கு வாறாங்களே."

"வந்தா வரட்டும்."

"ஒனக்கு விளங்குதில்ல நுஸ்ஹா. பொத்துவில் வரைக்கும் கார் ஓட்டித் திரியிற பொம்புள எண்டு சொல்லி ரெண்டு சம்மந்தம் போயிட்டு. இது ஒண்டுதான் நிண்டு கதைச்சது."

நுஸ்ஹாவுக்கும் றிபாத்தைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, எந்தக் கடையில் என்ன சாரன் ஓடும் என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாமல் இருந்த மனிதன். அப்படிக் கேட்கிற ஆணை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் கலியாணம் நடக்கவேண்டும் என்று அவள் மனதாரத்தான் விரும்பினாள்.

கைபேசி முணுமுணுத்தது. றாஹிலாவின் குரல் பதிவு.

"நுஸ்ஹா, கார நல்லாக் கழுவி வைங்க, என்ன? எஞ்சினுக்கு அடிக்கிற மருந்து ஒண்டு இரிக்கி, அத அடிச்சிக் கழுவுங்க. டயருக்குக் கறுப்பு வாங்கிப் பூசுங்க. கீறல மறைக்கிற பொலிஷும் வாங்குங்க. உள்ளுக்கு டாஷ்போட்டுக்கு நல்லா மினுங்குறது ஒண்டு. பொறகு நல்ல வாசம் ஒண்டும் தொங்கவிடுங்க. மறந்துராதீங்க."

"பாத்தியா, எவ்வளவு அக்கறையாச் சொல்றா" என்றாள் சுல்பிகா. "அப்பிடியே வாங்கிட்டு வா மகள்."

*

கல்முனை பிரதான வீதியில் மோட்டார் சாமான் கடை திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நுஸ்ஹா றாஹிலா சொன்ன ஒழுங்கிலேயே கேட்டாள். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். எஞ்சின் மருந்து. டயர் கறுப்பு. கீறல் பொலிஷ். டாஷ்போட் மினுக்கி. வாசனை அட்டை.

வைத்து முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"வாகனத்த விக்கப்போறீங்களா மகள்?"

"இல்லியே. ஏன்?"

"இல்ல, சும்மாதான் கேட்டன். இந்தச் சாமான் எல்லாத்தையும் ஒண்டாக் கேட்டு வாறது விக்கிற ஆக்கள்தான். வெச்சிருக்கிற ஆள் எஞ்சின் மினுங்குதா எண்டு பாத்துக்கொண்டிருக்க மாட்டார். வாங்குற ஆள்தான் பொனட்டத் தூக்கிப் பாப்பார்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு இன்னொருவருக்கு ஒயில் எடுக்கப் போனார்.

நுஸ்ஹா மேசையில் கையை ஊன்றியபடி நின்றாள். கடையின் விசிறி ஓடியும் வேர்த்தது. றாஹிலாவின் பதிவை மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். முதல் தடவை அக்கறையாகக் கேட்ட குரல், இப்போது வேறு மாதிரிக் கேட்டது. கலியாணத்துக்கு நிற்கிற காரின் எஞ்சினை யார் கழுவச் சொல்வார்கள்? கீறலை யாருக்கு மறைக்கவேண்டும்? அந்தக் கீறல்கள் சாரன் மூட்டைகள் ஏறி இறங்கி வந்தவை. அவற்றை மறைக்க அவள் என்ன களவா செய்தாள்?

கோபம் வந்தது. சின்னக் கோபமில்லை, காது சூடாகிற கோபம். கார் வாசலை விட்டு நகராது என்று ஊர் முழுக்கச் சொன்னவர்கள், பெயர் மாறியதும் அதை விற்கப்போகிறார்கள். றிபாத்துக்கும் இது தெரியுமா? அந்தக் கேள்விதான் கோபத்தை விட மோசமாக இருந்தது.

கடைக்காரர் திரும்பி வந்தார். "பையில போடவா மகள்?"

"இதெல்லாம் திரும்ப எடுத்து வைங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். "எனக்கு வேற சாமான் வேணும்."

"என்ன வேணும்?"

"வெச்சிருக்கப்போற ஆளுக்கு வேணுமான சாமான்."

அவர் சிரிக்கவில்லை. "வீடு கடல் பக்கமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம். சாய்ந்தமருது."

முதலில் ஷாம்பு. இரண்டு வகை இருந்தது. ஒன்று கண்டபடி நுரைக்கும். பெயின்ட் மேல் இருக்கிற மெழுகையும் சேர்த்துக் கழுவி எடுத்துவிடும். நுஸ்ஹா மற்றதை எடுத்தாள். உப்புக் காற்றுக்குப் பொலிஷ் போதாது, மெழுகு வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள். நூல் விடாத துணி, காரின் உடம்புக்கு ஒரு நிறம், சக்கரச் சில்லுக்கு இன்னொரு நிறம். சில்லில் இருக்கிற மணல் துணியோடு பொனட்டுக்கு வந்தால் அந்தத் துணியே கீறும்.

"உள்ளுக்கு இந்த மினுக்கி நல்லாப் போகுது" என்று கடைக்காரர் ஒரு போத்தலை நீட்டினார்.

அவள் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெய் மாதிரி வழுக்கியது. "வேணாம். கோமாரி தாண்டிப் போற நேரம் வெயில் இதில பட்டு முன் கண்ணாடியில அடிக்கும். ரோட்டுத் தெரியாது. மினுங்காதது தாங்க, வெயிலுக்கு வெடிக்காம இருந்தாச் சரி."

"வாசம்?"

"பின் சீற்றில தயிர் ஊத்துண்டிட்டு. அதுக்கு மேல ரோசாப்பூ வாசம் போட்டா ரோசாப்பூத் தயிர்தான் வரும். மணத்த எடுக்கிற மருந்து இரிக்கா? பிள்ளையள் பால் கக்கினா அடிக்கிறது?"

இருந்தது. அட்டையிலிருந்த குறிப்பைக் கடைசிவரை வாசித்துவிட்டு எடுத்தாள். பச்சைத் தண்ணீரில்தான் பாவிக்கவேண்டும் என்று அதிலும் போட்டிருந்தது.

டயர் கறுப்பு மேசையிலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

*

"றாஹிலா சொன்ன சாமான் எங்க?" பையைக் கிளறிய சுல்பிகா கேட்டாள்.

"வாங்கல்ல."

"ஏன்?"

நுஸ்ஹா சொன்னாள். கடைக்காரர் கேட்டதையும், தான் நினைத்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். சுல்பிகாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் மகள் மேல்.

"கடைக்காரன் சொன்னானாம், இவ நம்பினாவாம். ஒரு நல்ல காரியம் நடக்கிற நேரத்தில ஒனக்கு இப்பிடித்தான் சந்தேகம் வரும்."

"காலிதீன் அப்பிடிப்பட்ட ஆளில்ல மகள்" என்றார் பக்கீர். குரலில் அவ்வளவு உறுதி இல்லை. "வாக்குக் குடுத்தாச்சி. நான் எந்த முகத்தோட இனி இல்லெண்டு சொல்றது?"

"என்னக் கேக்காமக் குடுத்த வாக்கு வாப்பா."

பக்கீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

மரநிழலுக்குக் காரை எடுத்து, மேலிருந்து கீழாகக் கழுவத் தொடங்கினாள் நுஸ்ஹா. ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் வெறும் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உவர். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் கடைசி ஊற்றலுக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தாள். அடியிலும் சில்லு வளைவுகளிலும் தண்ணீரைப் பீய்ச்சினாள். கடற்கரை மணலும் உப்பும் கட்டியாகக் கழன்று விழுந்தன. பிறகு பின் சீற்றுக்கு மருந்தடித்து, ஊறவிட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தாள். மூன்றாம் முறை துணியை மணந்து பார்த்தபோது துணி மணம்தான் வந்தது.

ஓட்டையை அவள் ஒன்றும் செய்யவில்லை. கீறல்களையும்தான்.

ஸ்டியரிங்கைத் துடைக்கவென்று பக்கீர் ஓட்டுனர் சீற்றில் ஏறப் பார்த்தார். முழங்கால் டாஷ்போட்டில் இடித்தது.

"சீற்றப் பின்னுக்குத் தள்ளவா மகள்?"

"வேணாம் வாப்பா. எனக்குச் சரியா வெச்சிரிக்கன். மாத்தினா பொறகு அந்த இடத்துக்கு வராது."

பக்கீர் இறங்கி, வெளியே நின்றபடியே கையை நீட்டித் துடைத்தார்.

பொனட்டுக்கும் கதவுகளுக்கும் மெழுகு போட்டு முடித்து, கூரை மட்டும் மிச்சமிருக்க, கேற்றடியில் வேன் வந்து நின்றது.

*

இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். இறங்கியது மூன்று பேர்.

றாஹிலா ஸலாம் சொல்லி சுல்பிகாவைக் கட்டிக்கொண்டாள். காலிதீன் பக்கீருக்குக் கை கொடுத்தார். மூன்றாவது ஆள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஸலாம் சொன்ன கையோடு நேரே காருக்குப் போனார்.

"இவர் நம்மட ஆள்தான் மாமா" என்றார் காலிதீன்.

வெளியே கதிரை போட்டு, தேநீரும் வட்டிலப்ப இனிப்பும் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் தன் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு பொனட்டைத் தூக்கினார். நுஸ்ஹா தாயைப் பார்த்தாள். சுல்பிகா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"எஞ்சின் கழுவல்லியா நுஸ்ஹா?" றாஹிலாவுக்கு முகம் சுருங்கியது. "டயரும் அப்பிடியே இரிக்கி. நான் சொன்ன சாமான் கிடைக்கல்லியா?"

"கிடைச்சது ராத்தா. வாங்கல்ல."

வெள்ளைச் சட்டைக்காரர் எல்லாக் கதவையும் திறந்து மூடினார். ஓடின தூரத்தைக் குனிந்து பார்த்தார். பின் டிக்கியின் உள்பக்கக் கீறல்களை விரலால் தடவினார். பிறகு பின் சீற்றில் ஏறிக் குந்தினார்.

"சீற் சுட்டிரிக்கி" என்றார், யாருக்கென்று இல்லாமல். "இதுக்குக் கொஞ்சம் குறையும்."

எது குறையும் என்று பக்கீர் கேட்கவில்லை. கேட்டது நுஸ்ஹா.

"நானா, நீங்க என்ன தொழில் பாக்கீங்க?"

காலிதீன் இருமினார். ஆனால் அந்த மனிதருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இருக்கவில்லை. "சம்மாந்துறையில வாகனம் வாங்கி விக்கிறன் தங்கச்சி. கலியாணம் முடிஞ்ச கையோட இத எடுக்கலாமெண்டு காலிதீன் மச்சான் சொன்னார். அதான் பாக்க வந்த."

பக்கீர் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே தட்டில் வைத்தார்.

முதலில் சுதாகரித்தது றாஹிலாதான். "அதில என்ன பிழை மாமா? பேர் மாறினாப் பொறகு தம்பிட வாகனம்தானே. இது சின்னக் கார். எங்கட வேனும் பழசு. இத வித்துட்டு மேல கொஞ்சம் போட்டா நல்ல வேன் ஒண்டு எடுக்கலாம். ரெண்டு குடும்பத்துக்கும் உதவும். உம்மாக்கும் அதுதான் விருப்பம். கலியாணம் முடிச்சி இவ இனி பொத்துவிலுக்கும் மருதமுனைக்கும் ஓடவா போறா?"

"போவன்" என்றாள் நுஸ்ஹா.

"என்ன?"

"திங்கக்கிழம மருதமுனைக்குப் போவன். செவ்வாக்கிழம பொத்துவிலுக்குப் போவன். கலியாணம் முடிச்சாலும் போவன். அதுக்குத்தான் இந்தக் கார். இது கலியாணப் பேச்சில இல்ல ராத்தா. என்னக் கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். ஆரும் கேக்கல்ல, அதனால இண்டைக்குச் சொல்றன்."

"மாமா, உங்கட மகள் கதைக்கிறத நீங்க பாத்துக்கொண்டிருக்கீங்க" என்று றாஹிலா பக்கீர் பக்கம் திரும்பினாள். "வாக்குத் தந்தது நீங்க. ஒரு ஓட்டக் காருக்கு இவ்வளவு கத."

அந்த ஓட்டை என்ற சொல்தான் சுல்பிகாவைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறேன். காலை முழுக்க அந்த ஓட்டையை நினைத்து நெஞ்சடித்துக்கொண்டிருந்தவள், இப்போது கதிரையை விட்டு எழும்பினாள்.

"அந்த ஓட்ட நான் சுட்டது" என்றாள். "நீங்க வாறீங்க எண்டு சாம்பிராணி போட்டன். பைத்தியக்காரி மாதிரிப் போட்டன். றாஹிலா, நான் ஒண்டு கேக்கன், சொல்லுங்க. நீங்க இரிக்கிற வீட்டு உறுதி ஆர்ட பேர்ல?"

"என்ட பேர்லதான். அதுக்கென்ன மாமி?"

"உங்கட உம்மா தந்த வீடு. காலிதீன் வந்து இருந்தார். அவர்ட பேருக்கு எழுதுங்க எண்டு அவர்ட வீட்டு ஆக்கள் கேட்டாங்களா?"

காலிதீன் தன் செருப்பைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா ஆமினா உம்மா குடுத்திருப்பாவா? சம்மாந்துறையே கூடிக் கேட்டாலும் குடுத்திருக்க மாட்டா. எனக்கு என்ட உம்மா தந்தா, நான் என்ட மகளுக்குக் குடுத்தன். அந்த வீட்ட வித்து வேன் எடுப்பம் எண்டு ஆராவது சொன்னா நாம விடுவமா? அப்ப வீட்டு வாசல்ல நிக்கிறது மட்டும் எப்பிடி மாப்பிள்ளட சாமானாகும்? நானும் இவ்வளவு நாளா யோசிக்கல்ல. அது என்ட பிழ."

சுல்பிகா இவ்வளவு நீளமாக வெளியாட்கள் முன் பேசி பக்கீர் கேட்டதில்லை. நுஸ்ஹாவும் கேட்டதில்லை.

இப்போது எல்லோரும் பக்கீரைத்தான் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். வாக்கு மாறாத ஆள் என்று பெயர் எடுத்தவர். விதைநெல் விஷயத்தில்கூட ஒருவருக்கும் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்யாதவர். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. அதை இழப்பது அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று மகளுக்குத் தெரியும். அதனால் அவள் அவரிடம் கெஞ்சவில்லை.

"நான் வாக்குத் தந்தது மெய்" என்றார் பக்கீர். "என்ட சாமான் எண்டு நினைச்சித் தந்துட்டன். இண்டைக்கு அந்த சீற்றில இருக்கப் போனன். என்ட கால் கொள்ளல்ல. அது அவட கார். என்டதில்லாத ஒண்ட நான் குடுக்க ஏலாது. பக்கீர் வாக்கு மாறிட்டான் எண்டு ஊருக்குச் சொல்லுங்க றாஹிலா. ஆராவது கேட்டா நானும் ஓம் எண்டுதான் சொல்லுவன்."

"அப்ப கலியாணம்?" என்றாள் றாஹிலா.

"வீடு இரிக்கி. மகள் இரிக்கா. மாப்பிள்ள வாறதெண்டா வரட்டும்."

றாஹிலா கைப்பையை எடுத்தாள். "உம்மாக்கிட்ட சொல்றன்" என்றாள். அது மிரட்டலா, வெறும் தகவலா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. காலிதீன் பின்னால் போனார். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் அவசரப்படாமல் வட்டிலப்பத்தைத் தின்று முடித்து, சுல்பிகாவுக்கு நன்றி சொன்னார்.

போகும்போது நுஸ்ஹாவிடம் நின்றார். "கார நல்லா வெச்சிரிக்கீங்க தங்கச்சி. விக்கிற எண்ணம் வந்தா..."

"வராது நானா" என்றாள் அவள்.

*

வேன் போன பிறகு வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுல்பிகா தொடப்படாத வட்டிலப்பத் தட்டுகளை அடுக்கினாள்.

"மூணாம் சம்மந்தமும் போயிட்டு" என்றாள். அழுவாள் என்று நுஸ்ஹா நினைத்தாள். அழவில்லை. "போனாப் போகட்டும். அந்தக் கூரைக்கு ஏன் இன்னும் மெழுகு போடல்ல? இருட்டி மஃரிபாக முதல் போட்டு முடி."

நுஸ்ஹா முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினாள். பக்கீர் தானாகவே மறுபக்கம் ஒரு துணியோடு வந்து நின்றார். வட்டம் வட்டமாகத் தேய்க்கவேண்டுமா, நேராகத் தேய்க்கவேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். அவள் காட்டிக் கொடுத்தாள். துணிச்சலாகப் பேசியவளுக்கு இப்போதுதான் பயம் வந்தது. சரியாகத்தான் செய்தாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் றிபாத்தை இழந்துவிட்டேனோ என்ற நினைப்பு அவளை விடவில்லை.

கைபேசி அடித்தது. றிபாத்.

அவள் முக்காலியிலிருந்து இறங்கி, மதிலோரம் போய் நின்று எடுத்தாள்.

"ராத்தா கோல் எடுத்தா" என்றான் அவன். "எல்லாம் சொன்னா."

"நான் ஒண்டு கேக்கன். மழுப்பாமச் சொல்லுங்க. விக்கப்போறது உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் எங்கோ நெல் ஆலை ஓடும் சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றான்.

நுஸ்ஹா கண்ணை மூடிக்கொண்டாள். தெரியாது என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நம்பவும் விரும்பியிருப்பாள்.

"உம்மாட முகத்துக்கு முன்னால வாய் திறக்க ஏலாமப் போயிட்டு" என்றான். "அது என்ட பிழ. போன்ல சொல்ற கதையில்ல இது. நாளைக்கு வந்து உங்கட வாப்பாக்கு முன்னால கதைக்கன். காலிதீன் மச்சான்ட வேன் இரிக்கி, அவரோட..."

"வேன் வேணாம்."

"என்ன?"

"மச்சானும் வேணாம், ராத்தாவும் வேணாம். கதைக்கிறதெண்டா தனிய வாங்க. சம்மாந்துறையிலிருந்து பஸ் வருது."

அவன் என்ன சொல்வான் என்று காத்திருக்காமல் துண்டித்தாள். திரும்பி வந்து துணியை எடுத்தாள்.

கூரைக்கு மேலால் பக்கீர் அவளைப் பார்த்தார். "ஆரு மகள்?"

"தெரியா வாப்பா" என்றாள் நுஸ்ஹா. "நாளைக்கு பஸ்ஸில இருந்து தனிய இறங்கினாத்தான் ஆரெண்டு தெரியும்."